நாகமலைப் பாதையும் நியூரம்பர்க் நிபுணரும்

நியூரம்பர்க், ஜெர்மனி



எங்கள் கட்டடத்தின் கீழ்த்தளத்தில் குடியிருப்பவரும், ஆயுள் முழுவதும் லேத் பட்டறையில் உழைத்து ஓய்வுபெற்றவரும், இரும்பைப் பற்றி அவர் ஒன்று சொன்னால் அதற்கு அப்பீல் இல்லை என்று தெருவாரால் மதிக்கப்படுபவருமான ஒரு ஜெர்மானியப் பெரியவர், தம்முடைய பிக்அப் வண்டியின் பின்பக்க ஷாக் அப்சார்பர்களைப் பழைய இடத்திலிருந்து பெயர்த்து வேறிடத்தில் பொருத்திவிட்டார் என்ற ஒரே குற்றத்துக்காக, இந்த வாரம் பரிசோதனை நிலையத்திலிருந்து வெறுங்கையோடு திருப்பி அனுப்பப்பட்டார். அவர் கோபித்துக்கொண்டாரோ இல்லையோ, அவருக்காக நான் மனமாரக் கோபித்துக்கொண்டேன்.

செய்த காரியத்தில் நியாயம் இல்லாமல் இல்லை. பெரும்பாலான பிக்அப் வண்டிகளின் பின் அச்சு கமான் பட்டைகளை நம்பி நிற்பது. பட்டை பாரத்தைத் தாங்குமே ஒழிய, ஒருமுறை குதித்துவிட்டால் தானாக எளிதில் அடங்காது. அந்தக் குதிப்பை அடக்குவதே ஷாக்கின் உத்தியோகம். தொழிற்சாலையிலிருந்து வரும் பல வண்டிகளில் இடவசதியை உத்தேசித்து ஷாக்கைச் சாய்த்து மாட்டியிருப்பார்கள். செங்குத்து நிலையிலிருந்து 30 பாகை சாய்ந்தால் அதன் அடக்கும் சக்தியில் நான்கில் மூன்று பங்குதான் மிஞ்சும். 45 பாகை சாய்ந்தாலோ சரிபாதி போய்விடும். போதாக்குறைக்கு, கீழ்முனையைப் பிடித்திருக்கும் பிராக்கெட் அச்சுக்கும் கீழே தொங்கி, பாதையில் துருத்தியிருக்கும் கல்லை முதலில் சந்திக்கும். ஆகையினால் கரடுமுரடான வழிகளில் ஓட்டுகிறவர்கள் அந்தப் பிராக்கெட்டை அச்சின் மேல்மட்டத்துக்கு உயர்த்தி, மேல்முனையைச் சேஸுக்கு வெளிப்புறமாகச் சக்கரத்தை ஒட்டிக் கொண்டுவந்து, நீளம் கூடிய ஷாக்கைப் பொருத்துகிறார்கள். இரண்டு ஷாக்குகளும் எவ்வளவு அகன்று நிற்கின்றனவோ அவ்வளவுக்கு வண்டியின் ஆட்டமும் கட்டுப்படும்.

இனி இந்த நாட்டு விதியைக் கேளுங்கள். இங்கே வண்டிகளைப் பொதுவாக இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை பரிசோதனைக்குக் கொண்டுபோக வேண்டும். தேறிய வண்டியின் பின் நம்பர் பலகையில் வட்டமான ஒரு முத்திரை ஒட்டுவார்கள். அடுத்த பரிசோதனை எந்த ஆண்டு என்பதை அதன் நிறமும், எந்த மாதம் என்பதை அதன் உச்சியில் நிற்கும் எண்ணும் சொல்லும். அது கிடக்கட்டும். வாகன அனுமதி விதிகளின் 19-ஆம் பிரிவு என்று ஒன்று இருக்கிறது. பிறருக்கு அபாயம் விளைவிக்கக்கூடிய மாறுதல் எதையேனும் வண்டியில் செய்துவிட்டால், அந்தக் கணமே அதன் ஓட்டும் அனுமதி தானாகக் காலமாகிவிடும் என்பது அதன் சாரம். யாரும் வந்து ரத்து செய்ய வேண்டியதில்லை, நோட்டீஸ் வர வேண்டியதில்லை, பற்றவைத்த இரும்பு ஆறுவதற்குள் அனுமதி ஆறிவிடுகிறது. பிறகு அந்த வண்டி சாலையில் ஏற ஏறக்குறைய ஒரே காரியத்துக்குத்தான் உரிமை உண்டு: புதிய அனுமதி வாங்கும் பொருட்டு நிபுணரிடம் போவதற்கு. நிபுணர் 21-ஆம் பிரிவின்படி அந்த ஒரு வண்டியை மாத்திரம் தனியாகப் பரிசீலித்து, இன்ன பொருள், இன்ன இடம், இன்ன அளவு என்று எழுதிக் கொடுத்த பிற்பாடே அது மறுபடியும் வண்டியாகும். உற்பத்தியாளரின் சான்றிதழோடு கடையில் வாங்கிய பாகமென்றால் காரியம் எளிதாக முடியும். தாமே வெட்டித் தாமே பற்றவைத்த பிராக்கெட்டுக்குச் சான்று எங்கிருந்து வரும்?

இத்தனை எச்சரிக்கைக்கும் ஒரு பூர்வ கதை உண்டு. 1865-இல் மான்ஹைம் நகரத்து பீர் ஆலை ஒன்றில் நீராவிக் கொதிகலன் வெடித்தது. மறு ஆண்டே கொதிகலன் உடைமையாளர்கள் தங்கள் கொதிகலன்களைத் தாங்களே பரிசோதித்துக்கொள்ள ஒரு சங்கம் கண்டார்கள். அந்த வழியில் கிளைத்தவையே இன்று டியூஃப் என்று அழைக்கப்படும் பரிசோதனைச் சங்கங்கள். ஒரு விபத்திலிருந்து ஒன்றரை நூற்றாண்டுக்கு மேலாகப் பாடம் கற்றுக்கொண்டேயிருக்கும் ஜனங்கள் என்று மெச்சவும் தோன்றுகிறது.

ஆனால் விநோதத்தைப் பாருங்கள்: ஷாக்கை இடம் மாற்றுவதற்கு இவ்வளவு சாஸ்திரம் வகுத்திருக்கும் இந்தத் தேசத்தில், அந்த ஷாக்குக்கு வேலை கொடுக்கும் பாதை கிடையாது. காட்டு வழிகளில் தனியார் மோட்டார் நுழைய அனுமதி இல்லை. கல்லிலும் சேற்றிலும் வண்டி ஓட்ட ஆசைப்படுகிறவர்கள், தெற்கே லாங்கனால்ட்ஹைம் என்ற ஊரில் கைவிடப்பட்ட கல்சுரங்கம் ஒன்றை மைதானமாக்கி வைத்திருக்கிறார்கள், அங்கே போய்ப் பணம் கட்டிக் குலுங்கிவிட்டு வருகிறார்கள். குலுக்கலை விலைக்கு வாங்கும் மனிதர்களைக் காணும்போது, என் சொந்த ஊரான கௌதள்ளியின் ஜனங்கள் எத்தனை பெரிய செல்வந்தர்கள் என்று எண்ணாமல் இருக்க முடியவில்லை!

மைசூர்ப் பக்கத்து ஊர்தானே என்று பலர் பொதுவாகச் சொல்லும் கௌதள்ளி, 1997 முதல் சாமராஜநகர் மாவட்டத்தைச் சேர்ந்தது. அதற்கும் வெகு முன்னால், 1956 வரையில், கொள்ளேகால் சீமை முழுவதும் சென்னை ராஜ்யத்தின் கோயம்புத்தூர் ஜில்லாவில் இருந்தது. ஆகவேதான் கன்னடமும் தமிழும் ஒரே திண்ணையில் உட்கார்ந்து பேசுகின்றன. கொள்ளேகாலிலிருந்து ஹனூர் வழியாக மாதேஸ்வரன் மலைக்குப் போகும் சாலை எங்கள் ஊரின் நடுவே ஓடி, தாளபெட்டாவில் மலையேறத் தொடங்குகிறது. மலைக்கு அப்பால் அதே சாலை பாலாற்றுக்கு இறங்கி மேட்டூரை நோக்கிச் செல்கிறது. அந்தத் தார்ச்சாலையைப் பற்றிக் குறையில்லை. அதை விட்டுப் பிரிந்து நாகமலைப் பக்கமாக இண்டிகநத்தத்துக்கும் மெந்தாரைக்கும் ஏறும் காட்டுப் பாதைகள்தாம் பாதையென்ற பெயருக்கே ஒரு பரீட்சை. அங்கே நோயாளிகளையும் பிரசவ வேதனையில் இருப்பவர்களையும் டோலி கட்டித் தூக்கி இறக்கியிருக்கிறார்கள். வனத்துறை ‘ஜன வன சாரிகே’ என்ற பெயரில் ஜீப் விட்டது. பாதையும் அடிப்படை வசதியும் கேட்டுக் கேட்டு அலுத்த இண்டிகநத்தத்தில், 2024 ஏப்ரல் 26 அன்று நடந்த தேர்தலின்போது வாக்குச்சாவடியே நொறுக்கப்பட்டு, 29-ஆம் தேதி மறுவாக்குப்பதிவு நடத்த நேர்ந்தது.

அப்பேர்ப்பட்ட பாதையில் ஓடும் ஒரு ஜீப்புக்கு, எங்கள் ஊர்த் தகரக் கொட்டகைப் பட்டறையில் ஷாக் இடம் மாறியதை நான் கூடவே நின்று பார்த்திருக்கிறேன். மேஸ்திரி முதலில் பற்றவைக்கும் கம்பியைத் தொடவில்லை. கமான் கட்டைப் பிரித்து மெயின் பட்டையை மாத்திரம் விட்டுவைத்து, ஜாக்கியால் அச்சை முழுக்க ஏற்றி ஒரு சாக்பீஸ் குறி, முழுக்க இறக்கி ஒரு குறி, பிறகு ஒருபக்கம் ஏற்றி மறுபக்கம் தொங்கவிட்டு இரண்டு குறிகள் போட்டார். பிரேக் குழாய் எட்டுகிறதா, டயர் உரசுகிறதா என்று மல்லாந்து படுத்துப் பார்த்தார். டிரைவர் அவசரப்படுத்தியபோது அவர் சொன்னது எனக்கு இன்றும் பாடம்: “அண்ணா, பள்ளத்துல விழறப்போ பம்ப் ரப்பர்தான் முந்தி இடிக்கணும். ஷாக்கு முந்திச்சுன்னா அதோட கழுத்து போயிடும், பிராக்கெட்டையும் பிச்சுக்கிட்டு வந்துடும்.”

இங்குள்ள நிபுணர் எங்கள் பெரியவரைக் கேட்ட முதல் கேள்வியும் இதுவே என்று அறிந்தபோது நான் அயர்ந்துபோனேன். பட்டை முழுவதும் அமுங்கும்போது எது முதலில் தடுக்கிறது, இடிதாங்கும் பம்ப் ரப்பரா, ஷாக்கா? உலோகத்தில் கரைகண்ட பெரியவர் பதில் தெரியாமல் விழித்தாராம். அவருடைய பற்றவைப்பு பழுதற்றது. ஆனால் அச்சை ஏற்றி இறக்கிப் பார்க்கும் சிரமத்தை அவர் எடுத்துக்கொள்ளவில்லை, எடுக்கவைக்கும் பாதையும் அவருக்கு வாய்க்கவில்லை. ஏட்டில் ஏறிய விதியைவிட, கல் இடித்துக் கற்றுக்கொடுத்த விதி உசத்தி என்று நான் தீர்ப்புச் சொன்னால், பட்சபாதம் என்று நீங்கள் சொல்லலாம், சொல்லிக்கொள்ளுங்கள்.

நம் நாட்டில் சட்டம் இல்லையென்று யாரும் நினைத்துவிட வேண்டாம். 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு இருக்கிறது. உற்பத்தியாளர் குறித்த அமைப்புக்கு மாறாக வண்டியைத் திருத்தலாகாது என்று 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் கேரள வழக்கு ஒன்றில் தெளிவாக உரைத்துவிட்டது. ஆயினும் சோதனைக்கு நிறுத்துகிறவர்களின் கண் முன்பக்கக் கம்பித் தடுப்பையும் கண்ணாடியில் ஒட்டிய கறுப்புத் தாளையும் தாண்டி அச்சுக்கு அடியில் போவதாகக் காணோம். ஜெர்மனியின் காகிதக் கட்டுகளை நாம் இறக்குமதி செய்ய வேண்டியதில்லை. ரப்பரா, ஷாக்கா என்ற அந்த ஒரு கேள்வியை மாத்திரம் இறக்குமதி செய்தால் போதும்.

அரசாங்கம் கேட்கும்வரையில் நீங்களே கேளுங்கள். தீபாவளி ஜாத்திரைக்கு மாதேஸ்வரன் மலைக்குப் போய், அங்கிருந்து நாகமலைப் பக்கம் ஜீப்பில் ஏறுவதாக இருந்தால், ஏறுமுன் குனிந்து பின் அச்சைப் பாருங்கள். புதிதாகப் பற்றவைத்த பிராக்கெட் தெரிந்தால் உடனே மிரண்டு இறங்கிவிட வேண்டாம். ரப்பர் முந்துமா, ஷாக் முந்துமா என்று டிரைவரிடம் விசாரியுங்கள். தயங்காமல் பதில் சொல்கிறவரின் வண்டியில் தாராளமாக ஏறலாம். அசட்டுச் சிரிப்புச் சிரிக்கிறவரின் வண்டியை விட்டுவிட்டு, அடுத்ததற்குக் காத்திருங்கள்.