எல்லாம் கறுப்பு, எது என்னுடையது?

2004-இல் நான் முதன்முதலாக ரியாத் போனபோது, விமானம் இறங்க அரைமணி நேரம் இருக்கையில் பெண்கள் ஒவ்வொருவராக எழுந்து கைப்பையிலிருந்து கறுப்பு அபாயாவை எடுத்து மாட்டிக்கொண்டார்கள். கணவர் வாங்கி அனுப்பியிருந்ததை நானும் சுடிதாரின் மேல் போட்டுக்கொண்டேன். என் உயரத்துக்கு அது நீளம். விளிம்பு தரையில் புரண்டது. மறுவாரம் பக்கத்து ஃப்ளாட் சேச்சி என்னைப் பத்தா கடைத்தெருவுக்கு அழைத்துப்போய் நான்கு விரற்கடை குறைக்க வைத்தார். "எஸ்கலேட்டரில் மாட்டினால் ஆளையே இழுத்துவிடும்" என்றார்.

துணி சீக்கிரமே பழகிவிட்டது. நைட்டியின் மேல் அபாயாவைப் போட்டுக்கொண்டு பால் வாங்க ஓடிய நாட்கள் உண்டு. பழகாதது வேறு. ஒருநாள் மாலில் துப்பட்டா நழுவித் தலை தெரிந்தது. முத்தவ்வா என்று சொல்லும் மதக் காவலர் ஒருவர் எதிரே வந்து நின்றார். என் பக்கம் திரும்பவே இல்லை. "உன் மனைவியைத் தலையை மூடச் சொல்" என்று கணவரிடம் சொல்லிவிட்டு நடந்தார். தலை என்னுடையது, பேச்சு என்னைத் தாண்டிப் போனது. இத்தனை வருடமாகியும் அது எனக்கு ஆறவில்லை.

அதே ஊரில் உள்ளாடைக் கடையில் விற்பவர் ஆண்! அளவைச் சொல்ல வாய் வராமல் சேச்சியும் நானும் வெறுங்கையோடு திரும்பியிருக்கிறோம். ஜித்தாவின் கல்லூரி ஆசிரியை ரீம் அசாத் போன்ற சவூதிப் பெண்களே இதை எதிர்த்து இயக்கம் நடத்தினார்கள். 2012-இல்தான் அந்தக் கடைகளில் பெண்களை வைக்கும் விதி நடைமுறைக்கு வந்தது.

கீழ்வீட்டுச் சவூதிப் பெண்மணி ஒருமுறை விருந்துக்கு அழைத்தார். பெண்கள் மட்டும். வாசலறையில் அபாயாக்கள் குவிந்தன. உள்ளே பச்சையும் ஆரஞ்சுமாகப் பட்டு, கைநிறைய வளையல், விரல் நுனியில் மருதாணி. மாடிப்படியில் தினம் கண்களை மட்டுமே பார்த்திருந்த பெண் கன்னம் குழியச் சிரித்தபோது, ஒரு வருடமாக அவளைத் தெரியாமலே இருந்துவிட்டேனே என்றிருந்தது. கடைசியில் ஊது எனும் அகில் புகை வந்தது. அது வந்தால் விருந்து முடிந்தது என்று அர்த்தம். கிளம்பும்போது குவியலில் எது என்னுடையது என்று திகைத்தேன். அவர்களோ ஒவ்வொன்றாக எடுத்து முகர்ந்து தங்களுடையதைக் கண்டுகொண்டார்கள். என்னுடையதைக் கண்டுபிடித்துக் கொடுத்ததும் அந்தப் பெண்தான். கடுகு தாளித்த வாசம் அதில் இருந்ததாம்.

2016-இல் முத்தவ்வாக்களின் கைது அதிகாரம் பறிக்கப்பட்டது. 2019-இல் சுற்றுலா விசா தொடங்கியபோது, வெளிநாட்டுப் பெண்களுக்கு அபாயா கட்டாயமில்லை, கண்ணியமான உடை போதும் என்றார்கள். தாமதமாக வந்தாலும் மனதார வரவேற்றேன்.

போன வருடம் மகனைப் பார்க்க மீண்டும் போனேன். நீளக் குர்த்தாவும் துப்பட்டாவும்தான். குடியேற்றச் சாளரத்தில் நிகாப் அணிந்த ஒரு இளம்பெண் இருந்தாள். என் பாஸ்போர்ட்டைப் புரட்டி, என்னிடமே, என் கண்ணைப் பார்த்தே கேள்வி கேட்டாள். பதில் சொல்லும்போது அவள் கைகளைப் பார்த்தேன். விரல் நுனிகளில் மருதாணி.