அடைப்பு எங்கே வரவேண்டும்?

தோட்டத்துக் குட்டைக்கு நீரூற்று வாங்கப் போகிறவர்கள் கடையில் கேட்கும் முதல் கேள்வி, தண்ணீர் எவ்வளவு உயரம் போகும் என்பதுதான். எத்தனை நாளைக்கு ஒருமுறை அடைக்கும் என்று யாரும் கேட்பதில்லை. உயரத்தைப் பத்து நாள் ரசிப்போம். அதன்பிறகு குடித்தனம் நடத்துவது அடைப்போடுதான்.

கோவையில் எங்கள் வீட்டுக் குட்டை எட்டடிக்கு ஐந்தடி, இரண்டடி ஆழம். ஓய்வு பெற்ற பிறகு அப்பா கட்டியது. அப்பா போய் மூன்று வருடமாகிறது. அம்மாவுக்கு எழுபத்திரண்டு வயது, இரண்டு முழங்காலிலும் தேய்மானம். நான் பெங்களூரில். மாதம் இரண்டு தடவையாவது போன் வரும். "கண்ணு, தண்ணி அரையடிகூட எந்திரிக்க மாட்டேங்குது."

சொந்தக்காரர்கள் எல்லோரும் ஒரே யோசனைதான் சொன்னார்கள்: மண்ணைப் போட்டு மூடிடுங்க. அதில் நியாயம் இல்லாமல் இல்லை. பாசி பிடித்த விளிம்பில் அம்மா குனிந்து பம்பை எடுப்பதை நினைத்தாலே எனக்கு வயிற்றைக் கலக்கும். பம்பை அப்படியே விட்டாலும் வம்புதான். தண்ணீர் அசையாமல் நின்றால் விடியற்காலையில் ஆக்சிஜன் குறைந்து மீன்கள் மேலே வந்து வாயைத் திறக்கும். மீன் போய்விட்டால் ஒரு வாரம் பத்து நாளில் கொசு வரும்.

அடைப்பு என்று ஒரே பேரில் சொன்னாலும் அது இரண்டு வியாதி. ஒன்று, பம்பு தண்ணீரை உறிஞ்சும் இடத்தில் பாசி இழையும் இலைத்தூளும் சேர்வது. இன்னொன்று, நாசில் துளையில் சுண்ணாம்பு படிவது. எங்கள் போர்வெல் தண்ணீர் கடினநீர். அதில் கரைந்திருக்கும் கால்சியம் பைகார்பனேட், தண்ணீர் பீய்ச்சிச் சிதறும்போது கரியமில வாயுவை இழந்து கால்சியம் கார்பனேட்டாகப் படிகிறது. இரண்டு மில்லிமீட்டர் துளைக்கு அதிகம் வேண்டியதில்லை.

முதல் வியாதிக்குக் கணக்கு எளிது. பம்பு மணிக்கு 1000 லிட்டர் இழுக்கிறது. அது கூடவே வந்த சல்லடையின் திறப்பு சுமார் 20 சதுர சென்டிமீட்டர். அதன் வழியே தண்ணீர் நொடிக்கு 14 சென்டிமீட்டர் வேகத்தில் நுழையும். அந்த வேகத்தில் பக்கத்தில் மிதக்கிற எதுவும் தப்பாது. அதே பம்பை ஒரு பிளாஸ்டிக் கூடைக்குள் வைத்து, சுற்றிலும் கூழாங்கல் நிரப்பி, திறப்பை 500 சதுர சென்டிமீட்டராக்கினால் வேகம் அரை சென்டிமீட்டருக்குச் சற்று மேல். குப்பை அதன்பாட்டுக்கு அடியில் தங்கிவிடும். கூடையை ஒரு செங்கல் மேல் வைத்தால் அடிச்சேறும் உள்ளே வராது. மேலே பாதிக்குமேல் அல்லி இலை மூடினால் வெயில் குறையும், பாசியும் குறையும். அல்லிக்கு மேலே தண்ணீர் கொட்டுவது பிடிக்காது என்பதால் ஊற்றை ஓரமாக ஒதுக்க வேண்டும்.

மென்பொருள் வேலையில் இரண்டு கால அளவுகளைப் பற்றி ஓயாமல் பேசுவோம். ஒரு பழுதுக்கும் அடுத்த பழுதுக்கும் நடுவே எவ்வளவு நாள், பழுதானதைச் சரிசெய்ய எவ்வளவு நேரம். கூடை முதலாவதை நீட்டித்தது. எனக்கு இரண்டாவதுதான் முக்கியமாகப் பட்டது. எப்படியும் ஒருநாள் அடைக்கத்தான் போகிறது. அன்றைக்கு அதை எடுப்பது எழுபத்திரண்டு வயதுக் கை. அதனால் பம்புக் கூடைக்கு நைலான் கயிறு கட்டி, விளிம்பில் ஒரு கொக்கியில் மாட்டினேன். எடை குறைய, கல்லையும் பாதியாகக் குறைத்தேன். சுவிட்சை நின்றபடியே கைக்கு எட்டும் உயரத்துக்கு மாற்றி, 30 மில்லி ஆம்பியரில் துண்டித்துவிடும் பிரேக்கர் ஒன்றும் போட்டாயிற்று. பிளக்கைப் பிடுங்காமல் தண்ணீரைத் தொடக்கூடாது என்பது மட்டும் சட்டம்.

வெர்சாய் அரண்மனை நீரூற்றுகளுக்காக 1684இல் செய்ன் நதியில் 14 சக்கரங்களும் இருநூற்றுக்கு மேற்பட்ட பம்புகளும் கொண்ட இயந்திரத்தை நிறுவினார்கள். அப்படியும் தண்ணீர் போதவில்லை. பதினான்காம் லூயி நடந்துவரும் பக்கத்து ஊற்றுகளை மட்டும் திறக்க, பணியாட்கள் விசில் அடித்துச் சேதி சொல்லிக்கொண்டார்கள். ராஜா பார்த்த அழகு முழுக்கப் பராமரிப்பு ஆட்களின் உழைப்பு. அம்மாவுக்கு அப்படி யாரும் இல்லை.

மிச்சம் இருந்தது நாசில். அப்பா ஆசையாய்த் தேடி வாங்கிய மூன்றடுக்கு நாசில், முப்பத்தாறு துளை. மளிகைக் கடையில் லெமன் சால்ட் என்று கிடைக்கும் சிட்ரிக் அமிலத்தில் ஊறவைத்தால் சுண்ணாம்பு நுரைத்துக் கரையும். ஆனால் மூன்று வாரத்துக்கு ஒருமுறை யார் செய்வது? அரை அங்குல வாய் உள்ள வெறும் குழாயை வைத்தால் வருடக்கணக்கில் அடைக்காது. தண்ணீர் ஒரு சாண் எழும்பிக் குமிழியிடும், அவ்வளவுதான். அப்பாவின் நாசிலைக் கழற்றலாமா என்று கேட்க எனக்கு வாய் வரவில்லை. இரண்டையும் மாற்றி மாற்றி ஓடவிட்டுக் காட்டினேன்.

அம்மா திண்ணையில் கண்ணை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். "இதே இருக்கட்டும். அவரு பாக்கறதுக்கு வெச்சாரு. எனக்கு ராத்திரி சத்தம் கேட்டாப் போதும்."

கூடையை இப்போது மாதம் ஒருமுறை அம்மாவே இழுத்துக் குழாயடியில் அலசிவிடுகிறார். அந்தச் சேற்றுத் தண்ணீர் முழுக்கக் கறிவேப்பிலைச் செடிக்கு.