புல்லட்டுக்குப் பவுடரா, பெயிண்டா?

எங்கள் கல்மண்டபத்தில் வண்டி வாங்குவது பெரிய காரியம் இல்லை. அதைத் துரு தின்னாமல் வைத்துக்கொள்வதுதான் பெரிய காரியம். ஒரு பக்கம் காசிமேடு, இன்னொரு பக்கம் துறைமுகம். ராத்திரி துடைத்து நிறுத்திய வண்டியைக் காலையில் தடவிப் பார்த்தால் விரல் பிசுபிசுக்கும். எல்லாம் உப்புக்காற்று செய்கிற வேலை.

என் புல்லட் 1989-ஆம் வருடத்தியது. துறைமுகத்தில் கிரேன் பிரிவில் வேலை பார்த்தபோது பி.எஃப். கடன் போட்டு வாங்கினேன். 1955-இல் தொடங்கிய என்ஃபீல்டு இந்தியாவின் திருவொற்றியூர் ஆலையில் செய்த வண்டி. பிறந்த வீடும் புகுந்த வீடும் ஒரே கடற்கரை என்று என் மனைவி கிண்டல் செய்வாள்.

வாங்கி மூன்று வருடத்திலேயே ஃபிரேமில் துரு தெரிந்தது. அப்போதுதான் பாய் பழக்கமானார். பக்கத்துத் தெருவில் டிங்கரிங், பெயிண்டிங் ஷெட் வைத்திருந்தார். ஊரே பாய் என்று கூப்பிடும், நானும் அப்படித்தான். என்னைவிட ஐந்து வயது சின்னவர், என்னை அண்ணா என்பார். நாலைந்து வருடத்துக்கு ஒரு முறை வண்டி அவர் ஷெட்டுக்குப் போகும். எமரி ஷீட் போட்டுத் தேய்ப்பார், ரெட் ஆக்சைடு ப்ரைமர் அடிப்பார், பள்ளம் இருந்தால் பட்டி பார்ப்பார், மேலே கறுப்பு அடிப்பார். கையில் இருக்கிற காசைக் கொடுப்பேன், மீதி அடுத்த மாதச் சம்பளத்தில்.

2019-இல் ரிடையர் ஆனேன். அடுத்த வருடம் கொரோனா. வண்டி மாடிப்படிக்கு அடியில் ஒரு வருடத்துக்கு மேல் அசையாமல் நின்றது. 2021-இல் வெளியே எடுத்தபோது ஃபிரேமில் பெயிண்ட் கொப்புளம் கொப்புளமாக எழும்பியிருந்தது. நகத்தால் தட்டினால் செதிள் உதிர்ந்தது.

பெங்களூரில் இருக்கும் மகன், "இந்தத் தடவை பவுடர் கோட்டிங் குடுத்துடுங்கப்பா. வாழ்நாளுக்கும் தொல்லை இல்லை" என்றான். பென்ஷன் கணக்கில் நான் ஒதுக்கியிருந்தது ஏழாயிரம் ரூபாய். விசாரித்தேன். பாய் எப்போதும் போல் அடித்தால் 2,800 ஆகும். பவுடர் கோட்டிங் கடையில் சாண்ட் பிளாஸ்டிங்கும் சேர்த்து 4,500. வித்தியாசம் 1,700 தானே என்று மனசு கணக்குப் போட்டது.

பவுடர் கோட்டிங் என்றால் என்னவென்று தெரியாதவர்களுக்காக: இதில் தின்னர் கிடையாது. மாவு போன்ற பிசின் தூளுக்கு மின்னேற்றம் கொடுத்துத் துப்பாக்கியால் பீய்ச்சுவார்கள். ஃபிரேம் எர்த் செய்யப்பட்டிருப்பதால் தூள் போய் ஒட்டிக்கொள்ளும். பிறகு அப்படியே அடுப்பில் ஏற்றி 180 முதல் 200 டிகிரி வரை சூடாக்கினால், தூள் உருகி ஒரே தோலாக இறுகிவிடும். 60 முதல் 80 மைக்ரான் கனம் வரும். பெட்ரோல் சிந்தினாலும், கல் பட்டாலும் பெயிண்டைவிட நன்றாகத் தாங்கும். இதெல்லாம் உண்மை.

கடைக்காரர் சொல்லாத கணக்கு பிறகு வந்தது. அந்தச் சூட்டில் ரப்பர், புஷ், கிரீஸ் எதுவும் இருக்கக்கூடாது, பட்டியும் தாங்காது. அதனால் வண்டியைக் கடைசி நட்டு வரை கழற்ற வேண்டும். கழற்றி மாட்ட மெக்கானிக்குக்கு 3,000. ஃபிரேம் போய்வர டெம்போ 1,200. திரும்பி வந்தபோது மரைகளில் எல்லாம் பவுடர் அடைத்திருந்தது. டேப் போட்டு மரை எடுக்கவும் புது கோன் செட்டுக்கும் 900. எர்த் ஒயர் மாட்டும் இடத்தையும் சுரண்டினால்தான் ஹாரன் அடித்தது. ஆக மொத்தம் 9,600. பட்ஜெட் போன இடம் தெரியவில்லை.

ஆனால் வண்டி புதுசாக மின்னியது, பொய் சொல்லக்கூடாது. ஒன்று மட்டும் உறுத்தியது. பாயிடம் நான் சொல்லவில்லை. முப்பது வருடப் பழக்கம். கொரோனாவில் அவர் ஷெட் மாதக்கணக்கில் மூடிக் கிடந்தது. "இந்தத் தடவை வேறு இடத்தில் கொடுக்கிறேன்" என்று எந்த முகத்தோடு சொல்வது? அவர் தெரு வழியாகப் போவதையே விட்டுவிட்டேன். மார்க்கெட்டுக்குச் சுற்றிக்கொண்டு போனேன், மூன்று வருடம்.

2024-இல் ஆர்.சி. புதுப்பிக்க வேண்டியிருந்தது. பதினைந்து வருடம் தாண்டிய வண்டிக்கு ஐந்து வருடத்துக்கு ஒரு முறை இது உண்டு. ஆர்.டி.ஓ. ஆபீஸில் சேசிஸ் நம்பரின் மேல் காகிதம் வைத்துப் பென்சிலால் தேய்த்தார்கள். வெறும் கறுப்புத்தான் வந்தது, ஒரு எழுத்துகூடத் தெரியவில்லை. ஃபிரேமின் கழுத்தில் குத்தியிருந்த நம்பரைப் பவுடர் மொழுமொழுவென்று மூடியிருந்தது. இன்ஸ்பெக்டர் மரியாதையாகவே பேசினார். "நம்பர் தெரியாம நான் எப்படி சார் கையெழுத்துப் போடறது? தெளிவா எடுத்துட்டு வாங்க. ஆனா அரம் வெச்சுத் தேய்ச்சுடாதீங்க, நம்பரை மாத்தினதா ஆயிடும்."

அன்றைக்கு வண்டியை நேராகப் பாயின் ஷெட்டுக்கு விட்டேன். வேறு யாரிடம் போவது? திட்டுவார் என்று நினைத்தேன். அவர் குனிந்து ஃபிரேமைப் பார்த்துவிட்டு, "பவுடரா?" என்றார், அவ்வளவுதான். ரிமூவரைப் பஞ்சில் நனைத்து நம்பர் இருந்த இடத்தில் மட்டும் வைத்தார். தோல் ஊறியதும் மூங்கில் குச்சியால் மெதுவாக நெம்பினார். இரும்பு எதுவும் நம்பர்மேல் படவில்லை. லேசில் வரவில்லை, நாலைந்து முறை வைத்து எடுத்தார். மத்தியானத் தொழுகைக்குப் போய்விட்டு வந்து மறுபடி உட்கார்ந்தார். ஒவ்வொரு எழுத்தாகத் தெரிய ஆரம்பித்தது. கடைசி எண் தெரிந்தபோது எனக்குக் கண் கலங்கிவிட்டது.

பிறகு சென்டர் ஸ்டாண்ட் பக்கம் கையைக் காட்டினார். காசளவு பவுடர் உடைந்திருந்தது. ஓரத்தில் நகத்தை விட்டு இழுத்தார். அப்பளம் போல் ஒரு துண்டு உரிந்து வந்தது. அடியில் செக்கச்செவேலென்று துரு.

"உடைஞ்ச இடத்துல உப்புத் தண்ணி பூந்து உள்ளயே ஓடுது ண்ணா. பெயிண்டா இருந்தா கொப்புளம் காட்டிக் குடுத்துடும். இது மேல பளபளன்னு இருக்கும், அடில தின்னுக்கினே இருக்கும். பைப்பு கூடற மூலைல பவுடர் சரியா ஏறாது, மொதல்ல அங்கதான் பிடிக்கும்."

"அப்போ பவுடரே தப்பா பாய்?"

"யார் சொன்னது? நல்ல சாமான். பிளாஸ்டிங் பண்ண அன்னிக்கே அடிலே ஜிங்க் ப்ரைமர் குடுத்து அடிச்சா என் பெயிண்ட் அது கிட்ட நிக்காது. என்னாண்ட பிளாஸ்டிங் மிஷின் ஏது? நான் கையால தேய்ச்சு எவ்ளோ துருவ எடுத்துட முடியும்?"

தன் தொழிலுக்கு எதிராகவே பேசினார். முப்பது வருடமாக நாங்கள் துருவின் மேல்தான் வர்ணம் அடித்துக்கொண்டிருந்தோம் என்பது எனக்கு அப்போதுதான் புரிந்தது. பவுடரா பெயிண்டா என்பது அடுத்த கேள்வி. அடியில் இரும்பு சுத்தமாக இருக்கிறதா என்பதுதான் முதல் கேள்வி. கையில் காசு குறைவாக இருந்தால் பிளாஸ்டிங்குக்கும் ப்ரைமருக்கும் முதலில் செலவழியுங்கள். மேலே வீட்டிலேயே டச்-அப் செய்யக்கூடிய பெயிண்ட் போதும். பவுடர்தான் வேண்டும் என்றால் சேசிஸ் நம்பர், மரைகள், பேரிங் உட்காரும் இடம், எர்த் பாயின்ட் நான்கையும் மூடச் சொல்லி, நீங்களே பார்த்துவிட்டு வாருங்கள். உடைந்தால் அன்றைக்கே அடையுங்கள்.

காசு எவ்வளவு என்று கேட்டேன். பாய் பஞ்சைத் தூக்கிப் போட்டுவிட்டுக் கையைத் துடைத்துக்கொண்டார்.

"குடுக்கறதுக்கு முன்னாடி சொல்லியிருக்கலாம்ல ண்ணா. எத்த எத்த மூடணும்னு நானே டேப்பு ஒட்டிக் குடுத்திருப்பேனே."

எனக்குப் பதில் வரவில்லை. மூன்று வருடம் சுற்றிக்கொண்டு போனது இதற்காகவா?

மறுவாரம் பென்சில் பிரிண்ட் தெளிவாக வந்தது. ஆர்.சி. 2029 வரை இருக்கிறது. அப்போது எனக்கு எழுபது வயது. பாய் கொடுத்த சின்ன டப்பா கறுப்புப் பெயிண்ட் மாடிப்படிக்கு அடியில் இருக்கிறது. மாதம் ஒரு முறை ஃபிரேமைத் துடைத்து, உடைந்த இடத்தில் ஒரு தொடு தொடுகிறேன். மார்க்கெட்டுக்கு இப்போது அவர் தெரு வழியாகத்தான் போகிறேன்.