ஸீனும் ஷீனும்

பேத்திக்கு அப்போது ஏழு வயது. மஃரிபுக்குப் பிறகு என் முன்னால் உட்கார்ந்து ஓதிக் காட்டுவாள். முப்பத்திரண்டு வருடம் பிள்ளைகளின் உச்சரிப்பைத் திருத்தியே காலம் கழித்தவன் நான். அன்று, "ஸீனை ஏன் விழுங்குறாய்? திருப்பி ஓது" என்றேன். ஓதினாள். மூன்றாம் முறையும் அதட்டியபோது அழுதுவிட்டாள்.

குசினிக்குள்ளிருந்து மனைவி சொன்னாள்: "புள்ள சரியாத்தான் ஓதுது. ஒங்கட காதைத்தான் பாக்கணும்."

எனக்குக் கோபம் வந்தது. பாங்கு கேட்கிறது, பஸ் ஹோர்ன் கேட்கிறது, பிறகென்ன செவிடு? ஆனாலும் கொஞ்சக் காலமாக எல்லோரும் வாய்க்குள்ளேயே கதைப்பதாக நான் குறைபட்டுக் கொண்டிருந்தது உண்மை.

கண்டியில் காதைச் சோதித்து ஒரு வரைபடம் தந்தார்கள். தாழ்ந்த மீடிறன்களில் கோடு ஒழுங்காகப் போகிறது. 2000 ஹேர்ட்ஸைத் தாண்டியதும் மலைச்சரிவு போல் இறங்கி 75 டெசிபலில் நிற்கிறது. சோதித்த பெண் பொறுமையாக விளக்கினார். உள்காதின் நத்தைச்சுருளில், வாசலை அண்டிய மயிர்க்கலங்களே உயர்ந்த ஒலிகளை வாங்குகின்றன. முதுமையில் முதலில் பழுதாவதும் அவைதாம். 'ஆ', 'ஓ' போன்ற உயிரொலிகளின் பலம் கீழே இருக்கிறது, அவை கேட்கும். 'ஸ'வின் பலமோ 4000க்கு மேலே. ஆகவே பேச்சின் சத்தம் வந்து சேரும், சொல் வந்து சேராது.

முதலில் வாங்கிய மலிவான கருவி எல்லாவற்றையும் ஒன்றாகக் கூட்டியது. பீங்கான் மோதினால் தலைக்குள் இடித்தது. மெல்லிய ஒலி கேட்காது, பலத்த ஒலி தாங்காது. இந்த வகைச் செவிட்டின் குணமே அதுதானாம். "சத்தமாச் சொல்லு" என்பேன். சொன்னால் "கத்தாதே" என்பேன். வீட்டார் என்னோடு கதைப்பதையே குறைத்துக்கொண்டார்கள்.

இப்போது அணிந்திருப்பது வேறு விதம். மெல்லிய ஒலியைக் கூடுதலாகவும் பலத்த ஒலியைக் குறைவாகவும் உயர்த்துகிறது. அதோடு, என் காதுக்கு எட்டாத உயர் மீடிறன்களை நெருக்கிச் சுருக்கி, இன்னும் உயிரோடிருக்கும் கீழ்ப் பகுதிக்கு இறக்கித் தருகிறது. 2000களின் பிற்பகுதியில் இவ்வகைக் கருவிகள் பரவலாகச் சந்தைக்கு வந்தன.

முதல் வாரம் கழற்றி எறியத் தோன்றியது. பத்திரிகையைப் புரட்டினால் சீறல். பாத்றூம் குழாயிலும் சீறல். மூளை பழக வாரக்கணக்காகும் என்றார்கள். பழகியது.

பேத்தியைக் கூப்பிட்டு ஓதச் சொன்னேன். ஸீன் இருந்தது! எங்கும் விழுங்கவில்லை. ஆனால் அது ஷீனைப் போலக் கேட்டது. காரணம் எளிது. 'ஸ'வை இறக்கினால் 'ஷ' இருக்கும் இடத்தின் அருகே வந்து விழுகிறது. எழுத்து இருக்கிறது என்று கருவி சொல்கிறது. எந்த எழுத்து என்பதை நான்தான் பிரித்தறிய வேண்டும். உச்சரிப்பைத் திருத்தும் அதிகாரம் என் கையை விட்டுப் போய்விட்டது.

"அண்டைக்கு மூத்தாப்பாட காதுதான் பிழை, நீ இல்ல" என்று அவளிடம் சொன்னேன். சொல்லச் சுலபமாக இருக்கவில்லை.

இப்போது மஃரிபுக்குப் பிறகு எங்களுக்குள் ஒரு விளையாட்டு. கையால் வாயை மறைத்துக்கொண்டு கேட்பாள்: "இது ஸீனா, ஷீனா?" ஆரம்பத்தில் பத்துக்கு நாலு வாங்கினேன். போன கிழமை ஏழு.

"இன்னும் பழகணும், மூத்தாப்பா" என்றாள்.