கழுத்தில் தொங்கிய காணி நிலம்

எங்கள் தெரு மளிகைக் கடைத் தராசில் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை என் காமிராப் பையைத் தூக்கி வைத்தேன். சிவப்பு எழுத்தில் 3.120 என்று காட்டியது.

"மூணு கிலோ நூத்தியிருபது. பில்லு போட்டுடலாமா?" என்றார் கடைக்காரர், சீரியஸாக.

சிரிக்காதீர்கள். மூன்று கிலோ துவரம்பருப்பு என்றால் ஒரு மாசச் சாம்பார். மூன்று கிலோ காமிரா என்றால் கழுத்துவலி. அதைப் பதினைந்து வருஷம் சுமந்தவன் நான். சுமந்தவன் என்று சொல்வதுகூடக் கொஞ்சம் பொய். கடைசி சில வருஷங்களாக அதைச் சுமந்தது பீரோ!

எனக்கு ஊர் சேரப்பணஞ்சேரி. படப்பைக்கும் ஒரகடத்துக்கும் நடுவே, வண்டலூர் - வாலாஜாபாத் ரோட்டில் ஷிஃப்ட் பஸ்கள் வரிசை கட்டிப் போகுமே, அங்கேதான். நான் பள்ளிக்கூடம் போன காலத்தில் ரோட்டோரமெல்லாம் நெல். அப்புறம் கம்பெனிகள் வந்தன. 2010-ல் ரெனோ நிஸான் கார், 2012-ல் டெய்ம்லர் லாரி, 2013-ல் என்ஃபீல்டு புல்லட் என்று ஒரகடத்தில் ஒவ்வொரு தொழிற்சாலையாகத் திறக்கத் திறக்க, எங்கள் பக்கத்தில் நிலத்தை சென்ட் கணக்கில் பேச ஆரம்பித்தார்கள். டீக்கடையில் மழையைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்த பெரிசுகள் பத்திரச் செலவைப் பற்றிப் பேசின.

அப்பாவும் 2010-ல் ஒரு காணி விற்றார். (காணி என்றால் 132 சென்ட். பட்டணத்துக்காரர்களுக்காகச் சொல்கிறேன்.) கடன், அக்கா கல்யாணம், வீட்டுக்குத் தளம் எல்லாம் போக மிச்சம் கொஞ்சம் இருந்தது.

"உனக்கு இன்னாடா வேணும்?" என்றார்.

என் செட்டுப் பையன்கள் எல்லாம் பைக் கேட்ட நேரம். நான் காமிரா கேட்டேன். நிக்கான் டி90. லென்ஸோடு ஐம்பதாயிரத்துக்கு மேலே. அப்பா ஒரு வார்த்தை மறுப்புச் சொல்லவில்லை. வாங்கி வந்து கழுத்தில் மாட்டிக்கொண்டு நின்றபோது மட்டும் மேலும் கீழும் பார்த்துவிட்டு, "ஒரு மூலை நெலம் கழுத்துல தொங்குது போ!" என்றார்.

அன்றைக்கு அது ஜோக். பிற்பாடுதான் உறைத்தது.

முதல் நாலு வருஷம் பைத்தியமாக அலைந்தேன். ஏரியில் நத்தை குத்தி நாரை, மணிமங்கலத்துப் பழைய கோயில், ஷிஃப்ட் முடிந்து தூங்கி வழியும் பஸ் ஜன்னல்கள்... வருஷத்துக்கு ஏழாயிரம், எட்டாயிரம் படம். அப்புறம் வேலை கிடைத்தது. கல்யாணம் ஆயிற்று. கம்பெனிக்குள் காமிரா கூடாது. கேட்டில் செல்போன் காமிரா மேலேயே ஸ்டிக்கர் ஒட்டி அனுப்புகிற இடத்தில், மூன்று கிலோ பையோடு போய் இறங்கினால் என்ன ஆகும்! 'ஞாயிற்றுக்கிழமை எடுக்கலாம்' என்று வைத்தேன். ஞாயிற்றுக்கிழமைக்கு வேறு வேலைகள் இருந்தன. பழைய ஹார்ட் டிஸ்க்கைத் திறந்து வருஷவாரியாக எண்ணிப் பார்த்தேன். 2022-ல் மொத்தம் 61 படம். அதில் இருபது, எல்.ஐ.சி. பாலிசியை ஸ்கேன் பண்ணத் தெரியாமல் எடுத்தது.

சரி, விஷயத்துக்கு வருகிறேன்.

2023-ல் மிச்சமிருந்த அரைக் காணியும் விலைக்குப் போயிற்று. அதற்கு முன் கடைசியாக ஒரு அறுவடை. அறுப்பு மெஷின் வந்து ஒரு மணி நேரத்தில் வேலையை முடித்துவிட்டது. அப்பா வரப்பில் நின்றார். ஒரு தாளைப் பிடுங்கி, கையில் தட்டிப் பார்த்து, எதற்கு என்று தெரியாமல் மடித்து இடுப்பில் செருகிக்கொண்டார். சாயங்கால வெயில் பின்னால் இருந்து அடித்தது.

பதினைந்து வருஷப் போட்டோகிராபர் நான் என்ன செய்தேன் தெரியுமா? செல்போனை எடுத்தேன். காமிரா பீரோவில், புடவைகளுக்குக் கீழே. பேட்டரி செத்து ஆறு மாசம்.

போனில் வந்த படத்தில் வயல் பளிச்சென்று இருந்தது. அப்பாவின் முகத்தை மட்டும் போன் தானாகவே மழுமழுவென்று வழித்து, மெழுகு பொம்மையாக ஆக்கியிருந்தது. எழுபது வருஷம் வெயில் போட்ட கோடு ஒன்றுகூட மிச்சமில்லை. பிரேம் போடலாம் என்று பிரிண்ட் எடுத்தேன். அம்மா பார்த்துவிட்டு, "யாருடா இது?" என்றாள்.

அன்று முடிவு செய்தேன். இனி பீரோவில் இருக்கிற காமிரா வேண்டாம், கூடவே வருகிற காமிரா வேண்டும்.

இந்த இடத்தில் ஒரு சின்ன விஞ்ஞான வகுப்பு. ஐந்தே நிமிஷம், தூங்காதீர்கள். டி.எஸ்.எல்.ஆர். காமிராவின் வயிற்றுக்குள் ஒரு குட்டி முகம் பார்க்கும் கண்ணாடி சாய்வாக நிற்கிறது. லென்ஸ் வழியே வரும் வெளிச்சத்தை அது மேலே திருப்ப, அங்கே ஒரு பட்டகம் அதை நேராக்கி உங்கள் கண்ணுக்கு அனுப்புகிறது. பட்டனை அழுத்தினால் கண்ணாடி 'தடக்' என்று மேலே எழும்பி வழிவிட, வெளிச்சம் பின்னாலுள்ள சென்ஸாரில் விழுகிறது. அந்தக் கண்ணாடி எழும்பி இறங்க இடம் வேண்டும். அதனால் நிக்கானில் லென்ஸ் வளையத்துக்கும் சென்ஸாருக்கும் நடுவே 46.5 மில்லிமீட்டர் விட்டிருந்தார்கள். 1959-ல் வந்த 'நிக்கான் எஃப்' காலத்திலிருந்து அதே அளவு.

மிரர்லெஸ் என்பது பேரிலேயே இருக்கிறது. கண்ணாடியைக் கழற்றியாயிற்று. சென்ஸாரே எப்போதும் பார்த்துக்கொண்டிருக்கிறது. அது பார்ப்பதை ஒரு குட்டித் திரையில் நமக்குக் காட்டுகிறது. நிக்கானின் புதிய 'இஸட்' வகையில் அந்த 46.5 மில்லிமீட்டர் 16 ஆகச் சுருங்கிவிட்டது. காமிராவும் இளைத்தது.

இதில் வேடிக்கை, முதல் மிரர்லெஸ் காமிராக்களில் ஒன்றான பானசோனிக் 'ஜி1' வெளிவந்தது 2008-ல். என் டி90 வெளிவந்ததும் அதே 2008-ல்தான்! இப்போது நிக்கானும் கேனானும் புதிதாகக் கொண்டுவருவது எல்லாமே கண்ணாடி இல்லாத ஜாதி. நிலம் போன மாதிரி கண்ணாடியும் போயிற்று.

சென்னையில் ஒரு கடைக்குப் போனேன். விற்பனைப் பையனுக்கு இருபத்திரண்டு வயசிருக்கும்.

"என்ன யூஸ் பண்றீங்க சார்?"

"டி90."

"ஓ... எங்க சித்தப்பா வெச்சிருந்தாரு சார்" என்றான். எனக்கு உடனே முட்டி வலித்தது.

மூன்று காமிராக்களை மேஜைமேல் பரப்பினான். முதலாவது ரிக்கோ ஜி.ஆர். 3. பேட்டரியோடு 257 கிராம்தான். சட்டைப் பாக்கெட்டில் போட்டால் இருக்கிற இடம் தெரியாது. ஆனால் கண்ணை வைத்துப் பார்க்க ஓட்டை இல்லை. பின்னால் இருக்கும் திரையைத்தான் பார்க்க வேண்டும். சாளேசுவரம் எட்டிப் பார்க்கிற வயசில், எக்ஸ்ரேயைத் தூக்கிப் பார்க்கும் டாக்டர் மாதிரி கையை நீட்டிக்கொண்டு எத்தனை நேரம் நிற்பது? வேண்டாம்.

இரண்டாவது சோனி ஏ6400. நல்ல சுறுசுறுப்பு. முகத்தைக் கண்டால் விடாமல் துரத்துகிறது. ஓட்டை இடது ஓரத்தில் இருப்பதால் மூக்குக்கும் சௌகரியம். ஆனால் என் விரல் எந்தப் பட்டனைத் தேடினாலும் அது வேறெங்கோ இருந்தது. புதுசாகக் குடிபோன வீட்டில் ராத்திரி ஸ்விட்ச் தேடுகிற கதை.

மூன்றாவது நிக்கான் இஸட்50. 2019 மாடல். கையில் எடுத்ததும் ஆள்காட்டி விரல் தானாகவே ஷட்டர் பட்டனைச் சுற்றியுள்ள ஆன்-ஆஃப் வளையத்தில் போய் நின்றது. டி90-ல் இருக்கும் அதே இடம்! பேட்டரி இல்லாமல் உடம்பு 395 கிராம். கூட வரும் 16-50 லென்ஸ் 135 கிராம், உபயோகிக்காதபோது ஆமை மாதிரி உள்ளே இழுத்துக்கொள்ளும். என் பழைய ஜோடி இதே கணக்கில் ஒரு கிலோவுக்கு மேல். 2024 கடைசியில் இதன் இரண்டாம் மாடல் வந்துவிட்டது. அது நூறு கிராம் கூடுதல், கல்யாணத்துக்குப் பிறகு எடுத்த என் போட்டோ போல. எனக்கு வேண்டியது எடை குறைவு. ஆகவே, பழைய மாடலையே செகண்ட் ஹேண்டில் கேட்டேன். இருந்தது.

குறை இல்லையா? இருக்கிறது. டி90-ல் ஒரு சார்ஜுக்கு 850 படம் என்பது கம்பெனிக் கணக்கு. இதில் முந்நூறு சொச்சம். இரண்டாவது பேட்டரி தண்டச் செலவு. என் செல்லமான 50 எம்.எம். லென்ஸை அடாப்டர் வைத்து இதில் மாட்டலாம், ஆனால் தானாக ஃபோகஸ் ஆகாது. அந்தப் பழைய லென்ஸுக்குள் மோட்டார் கிடையாது. டி90-ன் உடம்பில் இருக்கும் மோட்டார்தான் அதைத் திருகும். இதில் திருக ஆளில்லை. அடாப்டரும் பழைய லென்ஸுகளும் சேர்த்தால் எடை மறுபடி மளிகைக் கடைக்கே வந்துவிடும். போகட்டும், ஒரே காமிரா, ஒரே குட்டி லென்ஸ் என்று தீர்மானித்தேன்.

"பழசைக் குடுத்துடுங்க சார், எக்ஸ்சேஞ்ச்ல போட்டுக்கலாம்" என்றான் பையன். கால்குலேட்டரைத் தட்டித் திருப்பிக் காட்டினான். லென்ஸ், ஃபிளாஷ் எல்லாம் சேர்த்து ஒன்பதாயிரம்.

ஒன்பதாயிரத்துக்கு இன்றைக்கு எங்கள் ஊரில் ஒரு ஆள் கால் நீட்டிப் படுக்கக்கூட நிலம் கிடைக்காது. அது இருக்கட்டும். ஒரு தடவை விற்றாயிற்று. அதில் மிஞ்சியதை இன்னொரு தடவை விற்பதா? "யோசிச்சுச் சொல்றேன்பா" என்று முழுப் பணம் கொடுத்துவிட்டு வந்தேன்.

வீட்டில் அப்பாவிடம் புதுசைக் கொடுத்தேன். கண்ணில் வைத்துப் பார்த்தார். ஏரிப் பக்கம் திருப்பினார். எடுத்துவிட்டார்.

"இன்னாடா இது, டி.வி. மாதிரி கீது?"

"டி.வி.தாம்பா. உள்ள குட்டி டி.வி. இருவத்து மூணு லட்சம் புள்ளி."

"புள்ளி கெடக்கட்டும். பழசு எங்க?"

கொடுத்தேன். பெரிய ஜூம் லென்ஸை மாட்டினேன். ஸ்விட்சைக்கூடப் போடவில்லை. போடத் தேவையும் இல்லை, கண்ணாடி வைத்த காமிராவில் வெறுமனே பார்க்க கரெண்ட் வேண்டாம். அப்பா வெகுநேரம் பார்த்தார்.

"இதுல நெசமா தெரியுது" என்றார்.

இப்போது சாயங்காலம் ஆனால் மூன்று கிலோப் பையோடு அவர்தான் ஏரிக்கரைக்குப் போகிறார். படமெல்லாம் எடுப்பதில்லை, பட்டனையே தொடமாட்டார். நாரை பார்க்கிறார் என்று அம்மா சொல்கிறாள். ஒருநாள் ஷிஃப்ட் பஸ்ஸிலிருந்து நேராக அங்கே போனேன். அவருக்குப் பின்னால் நின்றேன். லென்ஸ் நாரைப் பக்கம் இல்லை. நீலத் தகரக் கூரை போட்ட கோடவுன் பக்கம் இருந்தது.

"அந்த லாரி நிக்குது பாரு... அங்கதான் நம்ம கெணறு" என்றார், கண்ணை எடுக்காமலே. நான் வந்தது எப்படித் தெரிந்ததோ!

பேன்ட் பாக்கெட்டில் பிதுங்கிக்கொண்டிருந்த குட்டிக் காமிராவை எடுத்தேன். இதில் சத்தமில்லாமல் எடுக்கும் வசதி உண்டு. பழசின் 'தடக்' கேட்டாலே அப்பா ரேஷன் கார்டு போட்டோவுக்கு நிற்பதுபோல் விறைத்துக்கொள்வார். இது சத்தமே போடவில்லை. அவர் கிணற்றைப் பார்த்துக்கொண்டேயிருந்தார்.

படத்தில் முகம் பாதிதான் தெரிகிறது, மீதியைக் காமிரா மறைக்கிறது. ஆனால் தெரிகிற பாதியில் அத்தனை கோடும் இருக்கிறது. பிரேம் போட்டு மாட்டினேன். அம்மா யாரென்று கேட்கவில்லை.

என் மனைவிதான் கேட்டாள்: "பழசை வித்துட்டுப் புதுசு வாங்கறேன்னுதானே போனீங்க? இப்ப வீட்ல ரெண்டு இருக்கே?"

அதற்கு மட்டும் இன்னும் பதில் யோசித்துக்கொண்டிருக்கிறேன்.