நான் ஏறாத மலை

மன்னார்ப் பெருநிலத்தின் கரையோரத்திலே பிறந்தவனுக்கு மலை என்பது படத்திலும் பேருந்துச் சன்னலிலும் கண்ட பொருள். எங்கள் நறுவிலிக்குளத்திலே நின்று எத்திசையை நோக்கினும் கண்ணுக்குத் தெரிவன வயலும் பனையும் உவர்நிலமும், அவற்றின்மேற் கவிழ்ந்த வானமுமே. ஊருக்குப் பெயர் தந்த நறுவிலி மரமும் அப்படியொன்றும் நெடிய மரமன்று. அதன் பழத்துப் பசையைக் கொண்டு சிறுவயதிலே பட்டம் ஒட்டியதுதான் எனக்கு அம்மரத்தோடு இருந்த உறவு.

இத்தகைய ஊரிலிருந்து, நாற்பதைக் கடந்த நால்வர், துவிச்சக்கர வண்டிகளிலே மலை காணப் புறப்பட்டோம் என்றால் நேயர்கள் நகைக்கக்கூடும். என் மனைவியும் நகைத்தாள். நகைத்துவிட்டுப் பொரிவிளாங்காய் பிடித்துத் தந்தாள்.

இதற்கு வித்திட்டது 2022 ஆம் ஆண்டின் எரிபொருட் பஞ்சம். பெற்றோல் நிலையத்து வரிசையிலே இரண்டு இரவுகளைக் கழித்த பின்னர், மோட்டார் சைக்கிளை மூலையில் நிறுத்திவிட்டு, கொட்டிலின் வளையிலே தொங்கிய பழைய லுமாலாவை இறக்கினேன். அதைத் திருத்தக் கொண்டுபோன இடத்திலேதான் என் பழைய நட்பு புதுப்பிக்கப்பட்டது. சைக்கிள் திருத்தும் அந்தக் கடைக்காரனும் நானும் ஒரே வகுப்பிலே ஒரே வாங்கில் இருந்தவர்கள். நான் பட்டதாரியாகிப் புவியியல் கற்பிக்கச் சென்றேன். அவன் 1999 இல் விறகுக்காகக் காட்டோரம் போன இடத்திலே மிதிவெடியில் அகப்பட்டு, வலக்காலை முழங்காலுக்குக் கீழே இழந்தான். அன்று முதல் பொய்க்கால்தான். பஞ்சம் தீர்ந்து பெற்றோல் வந்த பின்பும் மாலைவேளைகளில் அவனது கடை வாங்கிலே போய் இருப்பது எனக்கு வழக்கமாயிற்று.

ஒருநாள் பேச்சு எங்கள் அருவியாற்றைப் பற்றி எழுந்தது. அரிப்புக்கு அருகிலே கடலோடு கலக்கும் இவ்வாற்றைச் சிங்களத்திலே மல்வத்து ஓயா என்பர். 164 கிலோமீற்றர் நீளமுடையது. தேக்கத்திலே மறிக்கப்பட்டுக் கட்டுக்கரைக்குளத்தை நிரப்பி, எங்கள் வயல்களுக்கெல்லாம் சோறிடுவது. ரிட்டிகல மலைப்பக்கத்திலே தோன்றி, அநுராதபுரத்தைத் தழுவிக்கொண்டு எங்களிடம் வருகிறது என்று நான் பாடம் ஒப்புவித்தேன்.

“அந்த மலையைக் கண்டனியோ மச்சான்?” என்றான் அவன், ரியூப்பிலே ஒட்டுப் போட்டபடி.

“காணவில்லை.”

“காணாத மலையைத்தானோ இருபது வருசமாய்ப் படிப்பிக்கிறாய்?”

அக்கேள்விதான் எங்களை வீட்டைவிட்டு எழுப்பியது. வங்காலையைச் சேர்ந்த கத்தோலிக்க நண்பர் ஒருவரும், சிலாவத்துறையிலே கருவாட்டு வியாபாரம் செய்யும் முஸ்லிம் நண்பர் ஒருவரும் சேர்ந்துகொண்டனர். பின்னவர் 1990 ஒக்டோபரிலே ஊரைவிட்டு வெளியேற்றப்பட்டபோது சிறுவர். புத்தளத்திலே வளர்ந்து, போர் முடிந்தபின் மீண்டவர். அங்கே கற்ற சிங்களம் எங்கள் நால்வருக்கும் வாயாக அமைந்தது.

இக்காலத்தில் மேல்நாட்டார் சைக்கிளிலே மூட்டை கட்டிக்கொண்டு மலையேறி இராத்தங்கி வருவதை ஒரு தனிக் கலையாக வளர்த்திருக்கின்றனர். சட்டத்துக்கு ஒரு பை, கைபிடிக்கு ஒரு பை, இருக்கையின் கீழ் ஒரு பை எனத் தனித்தனியே தைத்து விற்கிறார்களாம். 1884 இல் சான்பிரான்சிஸ்கோவிலிருந்து உயர்ந்த சக்கரச் சைக்கிளிலே புறப்பட்டு, 1886 இறுதியில் யோக்கோகாமாவை அடைந்த தோமஸ் ஸ்டீவன்ஸ் என்பாரோ, மாற்றுச் சட்டையும் காலுறையும் கூடாரமாகவும் பயன்பட்ட ஒரு மழையங்கியும் ஒரு கைத்துப்பாக்கியுமே கொண்டு சென்றார். எங்கள் முறை ஸ்டீவன்சின் முறைக்கே நெருங்கியது. துப்பாக்கி மட்டும் இல்லை. கரியரிலே ஒரு சாரமும் போர்வையும், ஒரு தண்ணீர்ப் போத்தல், அவித்த முட்டை, பொரிவிளாங்காய். பழுது பார்க்கும் கருவிகள் யாவும் அவனிடம் இருந்தன. அவனுடைய மூட்டையிலே கூடுதலாக ஆறு பருத்தி உறைகள் இருந்தன. பொய்க்காலின் கிண்ணத்துக்குள் எஞ்சிய காலை வைக்கும்போது போடுவன. வெயிலிலே கால் வியர்க்கும், சில வேளைகளில் வீங்கும், சில வேளைகளில் சுருங்கும். அதற்கேற்ப உறையைக் கூட்டியும் குறைத்தும் மாற்ற வேண்டுமாம். இத்தனை காலம் பழகியும் இதை நான் அறிந்திருக்கவில்லை.

மடுப் பெருநாள் முடியாமல் வரமாட்டேன் என்று வங்காலை நண்பர் சொல்லிவிட்டமையால், 2024 ஆகஸ்ட் 15 ஆம் நாள் கழிந்து, 17 ஆம் நாள் சனிக்கிழமை அதிகாலை இரண்டரை மணிக்குப் புறப்பட்டோம். பௌர்ணமிக்கு இரண்டு நாள் இருந்தது. மேற்கே சாய்ந்த நிலவின் ஒளியில் நானாட்டானைக் கடந்து முருங்கனை அடைந்தோம். மடு வீதிக்கு அப்பால் யானைகள் தெருவைக் கடக்கும் என்பதால், தேநீர்க் கடையொன்றின் திண்ணையிலே விடியும்வரை காத்திருந்தோம்.

விடிந்தபின் சோளகம் எழுந்தது. அக்காற்று வலப்புறத்திலிருந்து தள்ள, வண்டிகள் நேராக ஓட மறுத்தன. பறயனாலங்குளம் தாண்டியதும் நிழலற்ற தெரு, இருபுறமும் வரண்ட பற்றைக்காடு, வற்றிய குளங்கள். நாங்கள் மூவரும் மூச்சு வாங்க, அவன் மட்டும் முன்னே போய்க்கொண்டிருந்தான். பழைய ரியூப்பிலே அறுத்த பட்டி ஒன்றால் பொய்க்காற் பாதத்தை மிதியோடு கட்டியிருந்தான். இடக்கால் மிதித்துத் தள்ள, வலக்கால் உடன் சுற்றிவரும். “சைக்கிளிலை இருக்கேக்கை எனக்கு இரண்டு கால்” என்று ஒருமுறை சொன்னான். அதற்குமேல் அதைப் பற்றிப் பேசும் வழக்கம் அவனுக்கில்லை.

மதவாச்சியிலே நண்பகல் வெயிலுக்கு ஒதுங்கி, பின்னர் கண்டி வீதியிலே லொறிகளுக்கு வழிவிட்டு வழிவிட்டு, மாலை ஐந்து மணியளவில் மிகிந்தலையை அணுகினோம். ஏறத்தாழ 100 கிலோமீற்றர். காட்டுக்கு மேலே குன்றும், அதன்மேல் வெண்மையான தாதுகோபமும் எழுந்து நின்றன. பேருந்திலே போகிறவனுக்கு மலை தானாக வந்து தானாகப் போய்விடும். உடம்பின் வலியால் ஒவ்வொரு முழமாக அதனை அருகே இழுத்தவனுக்கு அது வேறு பொருள். அங்குள்ள 1840 படிகளை ஏறும் எண்ணம் அன்றைக்கு ஒருவருக்கும் இருக்கவில்லை.

சாப்பாட்டுக் கடை வைத்திருந்த சிங்கள முதியவர் ஒருவர், சிலாவத்துறை நண்பர் கேட்டதும், தம் வீட்டு விறாந்தையிலே படுக்க இடம் தந்தார். அவன் சுவரோடு சாய்ந்து பொய்க்காலைக் கழற்றினான். எஞ்சிய கால் சிவந்து, ஓரிடத்திலே தோல் உரிந்திருந்தது. நான் பார்ப்பதைக் கண்டு போர்வையை இழுத்து மூடிக்கொண்டான். சற்று நேரத்தில் முதியவர், ஒருவரும் கேளாமலே, வெந்நீரில் உப்பைக் கரைத்து வாளியிலே கொண்டுவந்து வைத்தார். அவர் வந்த கதவுக்குப் பின்னே இன்னொரு பொய்க்கால் சாத்தியிருந்தது. அவருடைய மகனுடையதாம். எந்த இடத்திலே, எந்த ஆண்டிலே என்று இவன் கேட்கவில்லை. இவனையும் எவரும் கேட்கவில்லை. பட்டி எங்கே வாங்குவது, உறைக்கு எது நல்ல துணி, மழைக்காலத்தில் என்ன செய்வது என்று உள்ளிருந்து வந்த மகனும் இவனும் இரவு ஒன்பது மணிவரை பேசினர். நடுவிலிருந்து மொழிபெயர்த்த நண்பர் கொட்டாவி விட்டபின்பும் கைகளால் பேசினர்.

அந்தச் சிவந்த காலை நினைத்து நான்தான் உறங்காமற் கிடந்தேன்.

மறுநாள் மரதன்கடவலை வழியாக அபரணை வீதியிலே சென்று, ரிட்டிகலவுக்குத் திரும்பினோம். இலங்கையின் வடபால் வரண்ட சமவெளியிலே இதனிலும் உயர்ந்த மலை இல்லை: 766 மீற்றர். அநுமான் சஞ்சீவி மலையைச் சுமந்து வந்தபோது சிந்திய துண்டு இது என்பது கதை. கதைக்கும் காரணமில்லாமல் இல்லை. சுற்றியுள்ள நிலம் வெயிலிலே காயும்போதும் உச்சியிலே முகில் தங்கும். கீழே இல்லாத செடிகொடிகள் மேலே வளரும். 1941 ஆம் ஆண்டு முதல் இது காக்கப்பட்ட இயற்கை ஒதுக்ககம். ஆகவே உச்சிக்குச் செல்ல முடியாது. பழைய துறவியர் வாழ்ந்த இடிபாடுகள் வரையிலே கற்பாதை வழியாக ஏறிப் பார்க்கலாம்.

கடைசி மூன்று கிலோமீற்றர் கிறவல் தெரு. எங்கள் வண்டிகள் அதற்குச் செய்யப்பட்டவை அல்ல. மேட்டிலே ஓரிடத்தில் அவன் விழுந்தான். கட்டிய கால் மிதியோடு இருந்தமையால் ஊன்றிக்கொள்ள இயலவில்லை. முழங்கை சிராய்ந்தது. எழுந்து, கைபிடியை நேராக்கி, மறுபடி கட்டிக்கொண்டான்.

நுழைவாயிலை அடைந்தோம். அங்கேதான் நான் அந்தப் பேச்சைத் தொடங்கினேன். வழியெல்லாம் அதை ஒத்திகை பார்த்து வந்திருந்தேன் என்பதையும் ஒளிக்காமற் சொல்லிவிடுகிறேன். “சைக்கிள்களை மேலே கொண்டுபோக இயலாது. பூட்டும் இல்லை. ஒருவர் காவலுக்கு நிற்கத்தான் வேண்டும்” என்றேன். சொல்லிக்கொண்டே அவனைப் பார்த்தேன். மற்ற இருவரும் நிலத்தைப் பார்த்தனர். அவர்களும் அதையே நினைத்தார்கள் போலும்.

அவன் சினந்திருந்தால் எனக்கு எளிதாயிருந்திருக்கும். பட்டியை அவிழ்த்து, உறையை மாற்றி, காலைப் பூட்டிக்கொண்டு எழுந்து நின்றான்.

“காவல் வேணும்தான். நீ நில் மச்சான். நீ படிச்சனி; உனக்கு இந்த மலையைப் பற்றி எல்லாம் தெரியும். நான்தான் ஒண்டும் காணாதவன்.”

காட்டிலே முறித்த தடி ஒன்றை ஊன்றிக்கொண்டு அவன் நடந்தான். இருவரும் பின்னே போயினர். நான்கு சைக்கிள்களோடு நான் நின்றேன்.

மூன்று மணிநேரம். இருபதாண்டு கரும்பலகையில் எழுதிய மலையின் அடியிலே, மரவேரொன்றில் அமர்ந்து, குரங்குகள் பொரிவிளாங்காயைத் தூக்கிச் செல்லாமற் காத்துக்கொண்டிருந்தேன். அருகிலே மழைநீர் இறங்கும் ஓடை ஒன்று கல்லும் சருகுமாகக் கிடந்தது. இறங்கிப்போய்ப் பார்த்தேன். ஒரு சொட்டு நீர் இல்லை. பெரிய கல்லொன்றைப் புரட்டினேன். அதன் அடியில் மண் ஈரமாயிருந்தது. அவன் நடக்கக் கூடாதென்று தீர்மானித்தது அவனுடைய காலுக்காகவா, அவன் துன்புறுவதைக் காண விரும்பாத என் கண்ணுக்காகவா என்று எண்ணிப் பார்த்தேன். விடை எனக்குப் பிடிக்கவில்லை.

அவன் கடைசியாக இறங்கி வந்தான். உறையிலே இரத்தம் கசிந்திருந்தது.

“ஏறுறது சுகம் மச்சான். இறங்கிறதுதான் வில்லங்கம்” என்றான். பின்பு நான் கேட்க, அவன் சொல்லத் தொடங்கினான். பண்டா பொக்குண என்னும் பெரிய குளம், சுற்றிலும் படிகள், உள்ளே தண்ணீரின்றிப் புல். ஒன்றோடொன்று இறுகப் பொருந்திய கற்கள் பாவிய பாதை; நூற்றாண்டுகள் பல ஆகியும் கால் இடறாத வேலைப்பாடு. ஆளரவமற்ற காட்டுக்குள் துறவிகள் இருந்த மேடைகள். கல்லின் பொருத்தை அவன் கைவினைஞனின் கண்ணோடு விவரித்தான். நான் வகுப்பிலே இருக்கும் மாணவனைப்போல இடையிடையே வினாவினேன். மன்னிப்புக் கேட்க வாயெடுத்தேன்.

“பொரிவிளாங்காய் மிச்சம் இருக்கோ?” என்றான்.

யானை இறங்கும் நேரத்துக்கு முன்னே பெருந்தெருவுக்கு வந்துவிட்டோம். சிலாவத்துறை நண்பரின் கருவாட்டை இறக்கிவிட்டுத் தம்புள்ளைச் சந்தையிலிருந்து மன்னாருக்குக் கோவா ஏற்றிவந்த லொறி, சொல்லிவைத்தபடி இருட்டிய பின் வந்தது. சைக்கிள்களைக் கூரையிலே கட்டினோம். கோவா மூட்டைகளின்மேல் படுத்து நால்வரும் உறங்கினோம். நள்ளிரவு கழிந்து முருங்கனிலே இறங்கியபோது என் பின்சக்கரத்திலே காற்றில்லை. அவன் தெருவோரத்திலே காலை நீட்டி இருந்து ஒட்டுப் போட, நான் கைவிளக்கைப் பிடித்தேன்.

மூன்று கிழமை அவன் கடை திறக்கவில்லை. புண் ஆற வேண்டியிருந்தது. அவன் மனைவி என்னைத் தெருவிலே கண்டால் முகங்கொடுக்கவில்லை. அதில் அவளைக் குறைசொல்ல எனக்கு வாயில்லை.

அவ்வாண்டு நவம்பர் இறுதியிலே பெருமழை பெய்தது. மழை சற்று ஓய்ந்த ஒரு காலையில் அவன் தொலைபேசியிலே அழைத்தான்: “ஆறு வந்திட்டுது. வந்து பார்.” சைக்கிளிலே போனோம். பழுப்பு நிற வெள்ளம் மரக்கொம்புகளைச் சுழற்றிக்கொண்டு கடலை நோக்கிப் போயிற்று. கரையிலே நெடுநேரம் நின்றோம்.

“இதிலை எங்கடை மலையின்ரை தண்ணி எவ்வளவு இருக்கும்?” என்று கேட்டான்.

“கணக்குச் சொல்ல முடியாது” என்றேன்.

“அப்ப இன்னொருக்காப் போகத்தான் வேணும். இந்த முறை சைக்கிளுக்குப் பூட்டு வாங்கிக்கொண்டு வா.”

அன்று மாலையே நானாட்டானிலே நான்கு பூட்டுகள் வாங்கினேன்.