வழியிற் கழியும் வாழ்நாள்

குடும்ப வரவு செலவுக் கணக்கில் அரிசி, பருப்பு, வாடகை, பிள்ளைகளின் கல்விக் கட்டணம் ஆகிய யாவும் இடம்பெறுகின்றன. பேருந்துக் கட்டணமும் ரயில் சீசன் சீட்டும்கூட ஒரு வரியில் எழுதப்படுகின்றன. ஆனால், அச்சீட்டைக் கையில் வைத்துக்கொண்டு வழியிலே செலவிடும் நேரத்தை எந்த இல்லத்திலும் எவரும் எழுதி வைப்பதில்லை. பணத்தினும் அரியது அந்த நேரமன்றோ!

சிறிது கணக்கிட்டுப் பார்ப்போம். வீட்டை விட்டுப் புறப்பட்டுப் பணியிடத்தை அடைய ஒன்றேமுக்கால் மணி நேரம்; திரும்பி வரவும் அவ்வளவே. நாளொன்றுக்கு 3½ மணி. ஆண்டில் 300 வேலை நாள்கள் எனக் கொண்டால் 1,050 மணி. இரவும் பகலும் சேர்ந்த முழு நாள்களாக மாற்றினால் 43 நாள்களுக்கு மேலாகிறது. முப்பது ஆண்டுகள் பணியாற்றும் ஒருவர், தம் வாழ்நாளில் மூன்றரை ஆண்டுகளை வண்டியிலும், வண்டிக்காகக் காத்து நிற்பதிலும் கழித்துவிடுகிறார். சென்னை மாநகரைப் பொறுத்தவரை இது மிகைப்படுத்திய கணக்கு அன்று.

1931ஆம் ஆண்டில் கடற்கரை நிலையத்துக்கும் தாம்பரத்துக்கும் இடையே மின்சார ரயில் ஓடத் தொடங்கிற்று. அன்று தாம்பரம் நகருக்கு வெளியே இருந்த ஊர். இன்றோ, வாடகைக்கும் மனை விலைக்கும் அஞ்சிய குடும்பங்கள் தாம்பரத்தையும் தாண்டி ஊரப்பாக்கம், கூடுவாஞ்சேரி, செங்கல்பட்டு எனக் குடியேறிவிட்டன. செங்கல்பட்டிலிருந்து கடற்கரை நிலையம் ஏறத்தாழ 60 கி.மீ. தொலைவில் உள்ளது. 1995இல் பறக்கும் ரயிலும், 2015இல் மெட்ரோ ரயிலும் வந்தன. பலருக்கு அவை பெருந்துணையாயின. எனினும், வீட்டிலிருந்து நிலையத்துக்கும், நிலையத்திலிருந்து பணியிடத்துக்கும் உள்ள தொலைவைக் கடக்கப் பேருந்தையோ ஷேர் ஆட்டோவையோ எதிர்பார்த்து நிற்பது ஒழியவில்லை.

நாமும் சில ஆண்டுகள் தாம்பரத்தில் ரயில் ஏறி, கடற்கரை நிலையத்தில் இறங்கி, பேருந்து மாறி வடசென்னைக்கு நாள்தோறும் சென்று வந்தோம். அப்போது கண்டறிந்த உண்மை ஒன்று உண்டு. மனிதனைக் களைப்படையச் செய்வது தொலைவு மட்டுமன்று; நிச்சயமின்மையே. ஒரு வண்டி தவறினால் அடுத்த பேருந்தும் தவறும். அலுவலகத்தில் கையெழுத்திடும் நேரமும் தவறும். அந்த அச்சத்தோடு நிற்கும் பத்து நிமிடங்கள், அமைதியாக அமர்ந்து செல்லும் ஒரு மணி நேரத்தைவிடக் கொடியவை. ஆகையால், நமக்குத் தேவையான வண்டிக்கு முந்தைய வண்டியில் ஏறுவதை வழக்கமாக்கிக்கொண்டோம். இருபது நிமிட உறக்கத்தை இழந்தோம். ஆனால் நாள் முழுவதற்குமான நிதானத்தைப் பெற்றோம். மேலும், நாளொன்றுக்குப் பத்துப் பக்கம் எனப் படித்து வந்தால் ஆண்டில் 3,000 பக்கங்கள் ஆகின்றன என்பதையும் அந்த ரயில் பெட்டியிலேதான் கற்றோம். குலுங்கும் பேருந்தில் படிப்பது கண்ணுக்குச் சோர்வு தரும்; அங்கே கண்ணை மூடி ஓய்வு கொள்வதே நலம்.

அவசரத்தின் விளைவை இங்கே குறிப்பிடாமல் இருக்க இயலாது. 2018ஆம் ஆண்டு ஜூலைத் திங்களில், நெரிசல் மிகுந்த ரயிலின் படியில் தொங்கிச் சென்றவர்கள், பரங்கிமலை நிலையத்தின் தடுப்புச் சுவரில் மோதி உயிரிழந்தனர். வேலைக்கும் கல்லூரிக்கும் செல்வோரே நாள்தோறும் அவ்வாறு தொங்குகின்றனர். 2025 ஏப்ரலில் தானியங்கிக் கதவுகள் கொண்ட குளிர்சாதன ரயில் இத்தடத்தில் ஓடத் தொடங்கியது. ஆயினும் கட்டணம் மிகுதி. பெரும்பாலோர் செல்லும் வண்டிகளின் கதவுகள் திறந்தே கிடக்கின்றன. பெற்றோரே, உங்கள் பிள்ளைகளிடம், "வண்டி போனால் போகட்டும், தாமதமாக வா, நாங்கள் எதுவும் சொல்ல மாட்டோம்" என்று வாய்விட்டுச் சொல்லியிருக்கிறீர்களா? சொல்லாத வரையில், தாமதத்துக்கு அஞ்சியே அவர்கள் படியில் கால் வைப்பார்கள்.

மகளிரின் நிலை இன்னும் கடினமானது. மாலை நேரத்து மகளிர் பெட்டியில் கீரை ஆய்வோரையும், பூத் தொடுப்போரையும் காணலாம். வீட்டை அடைந்ததும் அடுப்படி காத்திருக்கிறது என்பதால், ரயிலிலேயே இரண்டாவது வேலையைத் தொடங்கிவிடுகின்றனர். 2021 மே முதல் சாதாரணக் கட்டண நகரப் பேருந்துகளில் மகளிர் கட்டணமின்றிச் செல்கின்றனர். இதனால் பல ஏழைக் குடும்பங்களுக்குப் பணம் மிச்சமாயிற்று, நேரம் மிச்சமாகவில்லை. அதை மிச்சப்படுத்தித் தர வேண்டியவர்கள் வீட்டில் உள்ளவர்களே. அவள் வருமுன் உலையில் அரிசி இட்டு வைக்கக் கணவருக்கோ, வளர்ந்த மகனுக்கோ என்ன தடை? அது உதவி அன்று, நியாயம்.

இங்கேதான் நாம் முதன்மையாகச் சொல்ல விரும்புவது வருகிறது. பயண நேரம் பயணம் செய்பவர் ஒருவரின் செலவு அன்று. அது குடும்பத்தின் பொதுச் செலவு. ஆகவே அதனைக் குடும்பமே பகிர்ந்து சுமக்க வேண்டும். மூன்று மணி நேரம் நின்று, இடிபட்டு, வியர்த்து வருகிறவரிடம் செருப்பைக் கழற்றுமுன்னே மின்கட்டணத்தையும், பிள்ளையின் மதிப்பெண்ணையும், அண்டை வீட்டாரின் சச்சரவையும் முறையிடுதல் நன்றன்று. ஒரு குவளை நீரும் அரைமணி அமைதியும் முதலில் அளியுங்கள். அவ்வாறே, வருகிறவரும் நடத்துநர்மீது கொண்ட சினத்தை வாசலுக்கு வெளியே விட்டு வரக் கடமைப்பட்டவர். வழியில் நேர்ந்ததற்கு வீட்டில் உள்ள குழந்தை என் செய்யும்?

நாம் அறிந்த குடும்பம் ஒன்று ஊரப்பாக்கத்தில் வாழ்கிறது. தந்தைக்குப் பாரிமுனையில் கடை வேலை. காலை ஏழேகாலுக்குப் புறப்பட்டு இரவு பத்து மணிக்குத் திரும்புவார். புறப்படுகையிலும் திரும்புகையிலும் நான்கு வயது மகள் உறக்கத்தில் இருப்பாள். வாரத்தில் ஒரு நாள் மட்டுமே விழித்த கண்ணால் காண்பதால், அவரை "ஞாயிற்றுக்கிழமை அப்பா" என்று அவள் அழைக்கலானாள். கேட்டவர்கள் சிரித்தனர், தந்தை சிரிக்கவில்லை. வேலையை விட இயலாது. நகருக்குள் வாடகை கட்டவும் இயலாது. கணவனும் மனைவியும் அமர்ந்து பேசினர். மாலை நம் கையில் இல்லையெனில் காலையை எடுத்துக்கொள்வோம் என்று முடிவு செய்தனர். அன்றுமுதல் குழந்தை முன்னிரவில் உறங்கி ஆறு மணிக்கு எழுகிறாள். தந்தை அவளுக்குத் தலை வாரிவிடுகிறார். மூவரும் சேர்ந்து உண்கின்றனர். இரவில் நின்றுபோயிருந்த குடும்ப செபமும் காலைக்கு மாறிற்று. ஒரு மணி நேரந்தான். ஆயினும் அந்த ஒரு மணிக்குள் அவள் தன் தந்தையைத் திரும்பப் பெற்றாள்.

ஒவ்வொரு குடும்பத்துக்கும் வழி வேறுபடலாம். சிலருக்கு வேலை நேரத்தை மாற்றிக் கேட்பது பொருந்தும். சிலர் வாடகை சற்றுக் கூடினாலும் நிலையத்துக்கு அருகில் குடிபோவது நன்று. அம்முடிவை எடுக்குமுன் வாடகை வேறுபாட்டை மட்டும் பாராது, வாரத்தில் எத்தனை மணி நேரம் வீட்டுக்குத் திரும்பக் கிடைக்கும் என்பதையும் எழுதிப் பாருங்கள். இவ்வாரம் ஒரு நாள், இரவு உணவுக்குப் பின் அனைவரும் அமர்ந்து, யார் எத்தனை மணி வழியில் செலவிடுகிறார், அதனால் வீட்டில் யார் எதை இழக்கிறார் என்று கணக்கெடுங்கள். ரயிலை விரைவாக ஓட்ட நம்மால் இயலாது. மீந்திருக்கும் நேரத்தில் ஒருவரையொருவர் விழித்த கண்ணோடு காண நம்மால் இயலும்.